ஓயாத முழக்கத்தோடு வாழ்வது



ஐம்பொறிகளுள் செவிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. காண விரும்பாததைக் காணாதிருக்கக் கண்ணுக்கு இமை இருக்கின்றது. சுவைக்க விரும்பாததை விலக்க வாய்க்கு உதடு இருக்கின்றது. செவிக்கோ இயற்கை கதவு வைக்கவில்லை. நாம் உறங்கும்போதும் அது விழித்தே இருக்கின்றது. இத்தகைய செவி, வெளியில் ஒலி எதுவும் இல்லாத நேரத்திலும் ஓர் ஒலியை இடைவிடாமல் கேட்கத் தொடங்கினால் மனிதன் எங்கே சென்று ஒளிவான்? காது இரைச்சல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் அந்தத் துன்பத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அதிலும், சில்வண்டு போலக் கீச்சிடும் இரைச்சலை அன்று; தெருமுனையில் லாரி ஒன்று நின்றபடியே எஞ்சினை ஓட்டிக்கொண்டிருப்பது போல, அடித்தொனியில் முழங்கும் இரைச்சலைப் பற்றி. மாட்டுங்காவில் இவ்வொலியோடு பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் நான். ஆகவே, ஏட்டறிவோடு பட்டறிவும் சிறிது கலந்து வரும்.

இந்நோய் புதியதன்று. ஆயுர்வேத நூல்கள் செவி நோய்களை வகுத்துக் கூறுமிடத்து, பேரிகை, மிருதங்கம், சங்கு ஆகியவற்றின் ஒலி காதில் கேட்பதைக் கர்ணநாதம் என்றும், குழலோசை போன்ற ஒலி கேட்பதைக் கர்ணக்ஷ்வேடம் என்றும் பிரித்துக் கூறுகின்றன. மேலைநாட்டில், இசை மேதை பேத்தோவன் 1801ஆம் ஆண்டில் தம் நண்பரான மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில், தம் செவிகள் இரவும் பகலும் இரைந்துகொண்டிருப்பதை வருந்திக் குறிப்பிட்டார். ஆகவே, இவ்வொலி கேட்பவர் தாம் மட்டுமே உலகில் தனித்து விடப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை.

பைத்தியத்தின் முதற்படி இதுவோ என்று அஞ்சவும் வேண்டியதில்லை. 1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். காது கேட்பதில் குறை எதுவும் சொல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் ஒவ்வொருவராக அமர்த்தி, என்ன கேட்கின்றது என்று வினவினர். நூற்றுக்கு 94 பேர் ஏதேனும் ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். எல்லா உடலுக்குள்ளும் ஒலி உண்டு. உலகத்தின் ஓசை அதனை மூடிவைக்கின்றது என்பதே இதன் பொருள்.

இதனை நேயர்கள் இப்பொழுதே சோதித்துப் பார்க்கலாம். இரு கட்டைவிரல்களாலும் காதுகளை அடைத்துக்கொண்டு கைகளை இறுக முட்டி பிடித்தால், தொலைவில் வண்டி உருள்வது போன்ற ஓர் ஒலி கேட்கும். அது தசைநார்கள் இயங்கும் ஒலி. உல்லாஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1810ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்து, கற்பாவிய லண்டன் தெருக்களில் வண்டி செல்லும் ஓசைக்கு ஒப்பிட்டார்.

இனி, ஒலியே இல்லாதபோது ஒலி எவ்வாறு தோன்றுகின்றது என்பதைப் பார்ப்போம். உட்செவியில் நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கின்றது. அதில் வரிசை வரிசையாக நுண்ணிய மயிரிழைகளைத் தாங்கிய உயிரணுக்கள் அமைந்துள்ளன. ஒலியின் அதிர்வை நரம்பின் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவன இவையே. முதுமையாலோ, பேரிரைச்சலாலோ, சில மருந்துகளாலோ இவ்வுயிரணுக்கள் அழிந்தால், மனிதனில் அவை மீண்டும் முளைப்பதில்லை. செய்தி குறைந்துவிடவே, மூளை தன் கவனத்தைக் கூட்டுகின்றது. தொலைதூர நிலையம் தெளிவாகக் கேட்காதபோது வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டினால், பாட்டோடு கரகரப்பும் கூடுகின்றதல்லவா? ஏறத்தாழ அதுவே இங்கும் நிகழ்வதாக அறிஞர் பலர் கருதுகின்றனர். எனவே இரைச்சல் என்பது தனி நோயன்று; வேறொன்றின் அறிகுறி.

பெரும்பாலோர்க்குக் கேட்கும் இரைச்சல் உயர்ந்த தொனியில் அமைந்தது. அடித்தொனி முழக்கம் அதனினும் அரிது. அதன் காரணங்களும் சற்று வேறு. காதில் குறும்பி இறுகி அடைத்திருக்கலாம். நடுச்செவியின் சிற்றெலும்பு அசைவின்றி இறுகிப் போயிருக்கலாம். செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் சிறு தசை துடிக்கலாம். 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் மெனியேர் விவரித்த நோயும் இவற்றுள் ஒன்று. அதில் காது அடைத்துக் கனக்கும். கடலலை போன்ற முழக்கம் எழும். தாழ்ந்த தொனிகள் கேளாமற்போகும். உலகமே சுழல்வது போன்ற மயக்கம் வந்து மணிக்கணக்கில் ஆளைக் கிடத்திவிடும். நாடித் துடிப்போடு ஒத்துத் துடிக்கும் ஒலியோ இரத்த ஓட்டத்தோடு தொடர்புடையது. இரத்தச் சோகையும் அதற்கு ஒரு காரணமாகலாம். நம் பெண்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடித்தொனி இரைச்சலுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. கீச்சொலி கேட்பவர் அது தம் காதுக்குள் இருப்பதை விரைவில் உணர்வார். முழக்கம் கேட்பவரோ அது வெளியிலிருந்து வருவதாகவே நம்புவார். நள்ளிரவில் எழுந்து ஜன்னலைத் திறப்பார். மொட்டை மாடியில் ஏறிப் பார்ப்பார். கீழ்வீட்டு மாவரைக்கும் இயந்திரத்தின் மீது ஐயம் கொள்வார். அண்டை வீட்டாரோடு பகை கொள்வார். "உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது? எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே!" என்று வீட்டார் சொல்லும் சொல், முழக்கத்தைவிடக் கொடியதாக அவர் நெஞ்சில் தைக்கும். ஆகவே, அகத்தொலியா புறத்தொலியா என்பதைத் தீர்மானிப்பதே முதற்பணி.

மும்பையில் இது எளிய பணியன்று. தாராவி, மத்திய ரயில்வேக்கும் மேற்கு ரயில்வேக்கும் இடையே அமைந்த பகுதி. கீழே பட்டறை, மேலே வீடு என்று வாழ்வோர் அங்கே மிகப்பலர். தையல் இயந்திரமும், பிளாஸ்டிக்கை அரைக்கும் இயந்திரமும் சுவரின் மறுபுறத்திலேயே ஓடுகின்றன. செம்பூரை அடுத்த டிராம்பே பகுதியில் 1950களிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் மின்னுற்பத்தி நிலையமும் எழுந்தன. மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இருந்த இடங்களில் உயர்ந்த மாளிகைகள் தோன்ற, அவற்றோடு நீரேற்றும் பம்புகளும், மின்தூக்கிகளும், குளிர்சாதனங்களும் பெருகின. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. மின்மாற்றியின் இரும்பு ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை அதிர்வதால், அது விநாடிக்கு 100 அதிர்வு கொண்ட முழக்கத்தை எழுப்புகின்றது. ஆண்மகன் ஒருவன் மந்தரத்தில் இறங்கிப் பாடும் சுருதியை ஒத்தது அது.

இத்தகைய தாழ்ந்த ஒலியின் அலை மிக நீண்டது. 50 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். மெல்லிய சுவரும் மூடிய கதவும் அதனைத் தடுக்க மாட்டா. அறையின் அளவும் அலையின் அளவும் நெருங்கியிருப்பதால், ஒலி அறையின் மூலைகளில் உரத்தும் நடுவில் மெலிந்தும் கேட்கும். இந்த இயல்பே நமக்கு ஒரு சோதனையைத் தருகின்றது. அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள். இடத்துக்கு இடம் முழக்கம் மாறினால் அது புறத்தொலி. எங்கு நின்றாலும் ஒரே அளவில் இருந்தால் அகத்தொலியாக இருத்தல் கூடும். இரண்டாவதாக, கடையில் கிடைக்கும் மென்மையான காதடைப்பானை வைத்துப் பாருங்கள். புறத்தொலி குறையும், அகத்தொலியோ குறையாது, முன்னிலும் ஓங்கும். விரலால் அடைத்தால், முன்னர் கூறிய தசையொலி கலந்து குழப்பும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, வீட்டின் பிரதான மின்விசையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். நான்காவதாக, சொந்த ஊருக்கோ, வண்டியோசை அரிதான மாத்தேரான் மலைக்கோ செல்லும்போது கவனியுங்கள். அங்கும் உடன் வந்த ஒலி, நம்முடையதே அன்றி அண்டை வீட்டாருடையதன்று.

இச்சோதனைகளைச் செய்யாமலே கேட்பவரை எள்ளி நகையாடுவது எவ்வளவு தவறு என்பதற்கும், கேட்பவர் பிறர்மீது பழி சுமத்துவது எவ்வளவு தவறு என்பதற்கும் உலகில் சான்றுகள் உண்டு. கானடா நாட்டின் விண்ட்சர் நகர மக்கள் 2011ஆம் ஆண்டு முதல் ஓர் அடித்தொனி முழக்கத்தைப் பற்றி முறையிட்டு வந்தனர். ஆய்வாளர்களின் ஐயம், ஆற்றுக்கு அப்பால் அமெரிக்கக் கரையில் இருந்த உருக்காலைத் தீவின்மீது விழுந்தது. 2020ஆம் ஆண்டில் அங்கே ஊதுலைகள் நிறுத்தப்பட்டதும் முழக்கமும் நின்றது. மக்கள் கேட்டது மெய்யே. ஆனால், அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் டாவோஸ் என்னும் ஊரில் இதே போன்ற முறையீடு எழுந்தபோது, 1993ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்று நுண்ணிய கருவிகளோடு சென்று ஆராய்ந்தது. ஊராரில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் முழக்கத்தைக் கேட்டனர். கருவிகளோ அதற்குக் காரணமான ஒலி எதனையும் காணவில்லை. விண்ட்சர்வாசிகளும் டாவோஸ்வாசிகளும் ஒரே வகையான துன்பத்தையே சொற்களில் வடித்தனர். துன்பத்தின் வருணனையைக் கொண்டு அதன் மூலத்தை அறிய முடியாது. சோதித்தே அறிய வேண்டும்.

புறத்தொலி என்று தெரிந்தால் அதனைத் தணிக்க வழியுண்டு. பம்பின் அடியில் ரப்பர் மெத்தை வைப்பதும், குழாய் சுவரைத் தொடுமிடத்தில் தளர்ச்சி அளிப்பதும், நீரேற்றும் நேரத்தை இரவிலிருந்து மாற்றுவதும் வீட்டுவசதிச் சங்கங்களால் செய்யக் கூடியவையே. சட்டமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. ஆனால் இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். இவ்விதிகள் கையாளும் 'ஏ' என்னும் அளவுமுறை, தாழ்ந்த தொனிகளைப் பெரிதும் தள்ளுபடி செய்தே கணக்கிடுகின்றது. 100 அதிர்வுள்ள ஒலியில் ஏறத்தாழ 19 டெசிபலும், 50 அதிர்வுள்ள ஒலியில் ஏறத்தாழ 30 டெசிபலும் அது கழித்துவிடும். எனவே, கருவி விதிக்குட்பட்ட எண்ணைக் காட்டும் அறையிலும் ஒருவர் முழக்கத்தால் உறக்கம் இழக்கலாம். தாழ்ந்த தொனி ஒலியைத் தனியே கருத வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. அளக்க வருவோரிடம் தாழ்ந்த தொனிகளைத் தனியே அளந்து தரும்படி கேட்பது பயனுடையது.

அகத்தொலி என்று தெரிந்தால் அடுத்த படி மருத்துவர் இல்லம். சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. ஒரு காது திடீரென்று கேளாமற்போனால், அதற்குரிய சிகிச்சை முதற்சில நாட்களிலேயே பயன் தரும். இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலும், நாடியோடு துடித்தாலும், தலைச்சுற்றலோடு வந்தாலும், காதில் சீழ் வடிந்தாலும், முகம் ஒருபுறம் தளர்ந்தாலும் சோதனை இன்றியமையாதது. மெனியேர் நோய் உள்ளவர்க்கு மருத்துவர் பெரும்பாலும் உப்பைக் குறைக்கச் சொல்வார். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இல்லாமல் உண்பது நம்மவர்க்கு எளிதன்று. எனினும் முயன்று பார்க்கத் தக்கது. ஆஸ்பிரின் மாத்திரையை மிகுதியாக உட்கொள்வதும், கொய்னா மருந்தும், சில ஊசி மருந்துகளும் இரைச்சலை எழுப்பக் கூடும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூற வேண்டும். ஆனால் அவரைக் கேளாமல் எதனையும் நிறுத்திவிடலாகாது. தெருவோரத்தில் காது சுத்தம் செய்வோரிடம் காதைக் கொடுப்பதும், ஊக்கையும் கொண்டையூசியையும் நுழைப்பதும், காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் செவிப்பறைக்குப் பகை.

பணமில்லாதவர்க்கும் இந்நகரில் வழியுண்டு. தாராவிக்கு அண்மையில், சயானில், லோகமான்ய திலக் நகராட்சிப் பொது ஆஸ்பத்திரி இருக்கின்றது. மும்பை சென்ட்ரலில் நாயர் ஆஸ்பத்திரி இருக்கின்றது. பாந்திரா ரெக்ளமேஷனில், 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், பேச்சு, செவித்திறன் ஆகியவற்றின் குறைபாடுகளுக்கென்றே அமைந்தது. செவித்திறனை முறையாக அளந்து அறிவதே சிகிச்சையின் வாயில்.

இத்தனை சோதனைக்குப் பிறகும், "ஆபத்தான நோய் ஒன்றும் இல்லை, ஒலியும் போகாது, பழகிக்கொள்ளுங்கள்" என்று கேட்டுத் திரும்புவோர் பலர். பழகுவது எப்படி என்பதைச் சொல்லாதவரையில் அவ்வறிவுரை பட்டினி கிடப்பவனைப் பசியை மறக்கச் சொல்வது போன்றதே. அந்த 'எப்படி' என்பதைப் பற்றி அறிஞர்கள் கண்டது சிறிதன்று.

முதலாவது, ஆய்வறையில் அளந்து பார்த்தால், பெரும்பாலோரின் இரைச்சல், அவர்கள் கேட்கக் கூடிய மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபல்களே மிகுந்திருக்கின்றது. துன்பத்தின் அளவோ ஒலியின் அளவைப் பின்பற்றுவதில்லை. ஒரே அளவு ஒலியுடைய இருவரில் ஒருவர் உறங்குகின்றார். மற்றவர் உறக்கமிழந்து வேலையையும் இழக்கின்றார். வேறுபாடு அச்சத்தில் இருக்கின்றது. மூளை எதனை ஆபத்து என்று கருதுகின்றதோ அதன்மீது காவல் வைக்கின்றது; காவல் வைத்த பொருள் மேலும் பெரிதாகத் தோன்றுகின்றது. 1990ஆம் ஆண்டில் யாஸ்ட்ரெபாஃப் என்னும் அறிஞர் இக்கருத்தை விளக்கிய பின்னர், அச்சத்தைக் கழற்றி ஒலியைப் பொருட்படுத்தாமற்போகப் பயிற்றும் முறைகள் வளர்ந்தன. அமெரிக்கச் செவி மருத்துவர் கழகம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, தொடர்ந்து வருத்தும் இரைச்சலுக்கு மனப்போக்கை மாற்றும் உளவியல் பயிற்சியையும், காது மந்தமானவர்க்குக் கேள்கருவியையும் பரிந்துரைத்தது. ஜிங்கோ, துத்தநாகம் முதலிய மாத்திரைகளை வேண்டாமென்றது. ஆகவே, இரைச்சலை ஒரு வாரத்தில் ஒழிப்பதாக வரும் விளம்பரங்களுக்குப் பணத்தை இழக்க வேண்டாம்.

இரண்டாவது, மௌனத்தைத் தேடி ஓடலாகாது. இது நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம், ஆயினும் உண்மை. அறை எவ்வளவு அமைதியாகின்றதோ அவ்வளவு இரைச்சல் ஓங்கும். மும்பையில் நள்ளிரவுக்குப் பின் புறநகர் ரயில்கள் ஓய்ந்து, விடியற்காலை மீண்டும் தொடங்கும்வரை உள்ள அச்சில மணி நேரமே என் போன்றோர்க்குக் கடினமானது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரயில்கள் அடியோடு நின்று நகரமே அடங்கியபோது, பலரும் குயிலோசை கேட்டதாக மகிழ்ந்தனர். எனக்கோ என் முழக்கமே பகலிலும் கேட்டது. அதற்கு மாறாக, ஜூன் மாதம் மழை தொடங்கித் தகரக் கூரைகளில் தாரை தாரையாகப் பொழியும் இரவுகளில் நான் நன்றாக உறங்குகின்றேன். மழை இல்லாத மாதங்களில் மின்விசிறியை மெல்ல ஓடவிடலாம். மழையோசையையோ கடலோசையையோ தாழ்வாக ஒலிக்கச் செய்யலாம். அவ்வொலி இரைச்சலை முற்றிலும் மூழ்கடிக்க வேண்டியதில்லை. அதனினும் சற்றுத் தாழ்ந்து, அதனோடு கலந்து நின்றாலே போதும். முழுவதும் மூடிவைத்தால் மனம் பழக வாய்ப்பில்லாமற்போகும்.

நம் இசையரங்குகளில் தம்புராவின் சுருதி கச்சேரி தொடங்கி முடியும்வரை ஒரு கணமும் ஓய்வதில்லை. அரங்கில் அமர்ந்தவர் அதனைக் கேட்கின்றாரா என்றால், கேட்கின்றார். பொருட்படுத்துகின்றாரா என்றால், இல்லை. அவர் உள்ளம் பாடகரின் பின்னே செல்கின்றது. தம்புராவை நிறுத்தி அவர் சுருதியை மறக்கவில்லை. பாட்டு இருந்ததால் மறந்தார். இரைச்சலோடு வாழ்பவர்க்கும் வேண்டுவது அத்தகைய ஒரு பாட்டே. அது தொழிலாக இருக்கலாம். பேரக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லுவதாக இருக்கலாம். மாலையில் நண்பரோடு நடப்பதாக இருக்கலாம். வேலையற்றுத் தனித்திருக்கும் மனமே இரைச்சலுக்கு இரையாகின்றது.

வீட்டாருக்கு ஒரு சொல். இரைச்சல் கேட்பவரை நம்புங்கள். அவருக்குக் கேட்பது உண்மையிலேயே கேட்கின்றது. ஆனால் ஒவ்வொரு காலையும் "இன்று எப்படி இருக்கிறது?" என்று வினவி அதனை நினைவூட்டவும் வேண்டாம். அவர் பல நாள் உறங்காமல், வாழ்வில் வெறுப்புற்றுப் பேசத் தொடங்கினால் அதனை வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

இறுதியாக, வருமுன் காக்க வேண்டியவர்களுக்கு ஒரு சொல். மாட்டுங்காவில் 1915ஆம் ஆண்டிலிருந்து ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரிய பணிமனை இருக்கின்றது. தாராவிப் பட்டறைகளிலோ இளைஞர்கள் நாளெல்லாம் இயந்திரங்களின் அருகே நிற்கின்றனர். பேரிரைச்சலில் வேலை செய்து வீடு திரும்பியதும் காது அடைத்தது போலவோ இரைவது போலவோ தோன்றினால் அது உடல் விடுக்கும் எச்சரிக்கை. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்கத்தக்க தொழில்நோயாக இடம் பெற்றிருந்தது. காதுக்காப்பைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. கொடுப்பது முதலாளியின் கடமை. சட்டத்தின் கை எட்டாத சிறு பட்டறையில் சில ரூபாய் விலையுள்ள காதடைப்பானை வாங்கி அணிந்துகொள்வது, பிற்காலத்து இரவுகளைக் காத்துக்கொள்வதாகும்.

என் செவிக்குள் முழங்கும் ஒலி இன்னும் ஓயவில்லை, இப்பொழுதும் கேட்கின்றது. ஆனால் அது வாயிலில் நின்று அச்சுறுத்தும் அன்னியனாக இல்லை. வீட்டின் ஒரு மூலையில் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கும் முதிய உறவினர் போல் இருக்கின்றது. இந்நிலைக்கு வந்து சேர எனக்கு ஓரிரு ஆண்டுகள் ஆயின. இன்று புதிதாக இம்முழக்கத்தைக் கேட்டு, இரவின் நடுவில் ஜன்னலருகே நிற்கும் நேயர் எவரேனும் இருப்பின், அவருக்கு நான் கூறுவது இதுவே: முதலில் சோதியுங்கள், பின்னர் மருத்துவரைக் காணுங்கள், அதன்பின் அஞ்சாதீர்கள். ஒலி நிற்காவிட்டாலும் துன்பம் குறையும்.